கணக்கில் வராத கிலோக்கள்

1992 மே மாதத் தொடக்கத்தில் வடகொரியா தன் அணுப்பொருள் கணக்கை முதன்முறையாக வெளியாரிடம் ஒப்படைத்தது. பெற்றுக்கொண்டது வியன்னாவில் இயங்கும் சர்வதேச அணுசக்தி முகமை. அணு ஆயுதப் பரவல் தடுப்பு ஒப்பந்தத்தில் அந்நாடு 1985-லேயே சேர்ந்துவிட்டாலும், ஆய்வாளர்களை உள்ளே விடுவதற்கான உடன்பாடு நடைமுறைக்கு வர ஏழு ஆண்டு பிடித்தது. உலைகள், ஆலைகள், கையிருப்புகள் என்று நீண்ட அந்த அறிக்கையில் ஒரு சின்ன எண் இருந்தது. பிரித்தெடுத்த புளூட்டோனியம் ஏறத்தாழ 90 கிராம். யோங்பியோன் வளாகத்தின் கதிரியக்க வேதியியல் ஆய்வகத்தில், பழுதான சில எரிபொருள் தண்டுகளைக் கரைத்து, 1990 மார்ச்சில் ஒரே ஒரு தடவை எடுத்ததாக வடகொரியா சொன்னது.

நாகசாகியில் வீசப்பட்ட குண்டில் இருந்தது சுமார் 6 கிலோ புளூட்டோனியம். அதோடு ஒப்பிட்டால் 90 கிராம் ஒரு பொருட்டே இல்லை. ஆனால் முகமையின் ஆய்வு தொடங்கிய சில மாதங்களிலேயே வேறொரு சித்திரம் தெரிய ஆரம்பித்தது. புளூட்டோனியம் பிரிக்கப்பட்டது ஒரு தடவை இல்லை. 1989, 1990, 1991 என்று குறைந்தது மூன்று தடவை. உள்ளே இருந்தவர் யாரும் வாய் திறக்கவில்லை. ஒளித்துவைத்த பெட்டி எதுவும் அகப்படவில்லை. ஆய்வகத்தின் கருவிகளைத் துடைத்தெடுத்த துணித்துண்டுகள்தான் காட்டிக்கொடுத்தன.

ஒரு நாட்டிடம் அணுகுண்டுக்கு உதவும் பொருள் எவ்வளவு இருக்கிறது என்பதை வெளியில் இருப்பவர் எப்படி அறிகிறார்? செய்திகளில் அடிபடும் கிலோக் கணக்குகளை யாரும் மொத்தமாகத் தராசில் ஏற்றி நிறுத்ததில்லை. ஏடுகள், முத்திரைகள், வேதியியல் தடயங்கள், உலைகள் ஓடிய வரலாறு எல்லாவற்றையும் சேர்த்துவைத்துக் கணித்த எண்கள் அவை. அதனால் ஒவ்வோர் எண்ணுக்கும் ஒரு பிழை வரம்பு உண்டு. அந்த வரம்புக்குள் ஒரு குண்டு ஒளிந்துகொள்ள இடம் இருக்கிறதா என்பதே இந்தத் துறையில் உள்ளவர்களைத் தூங்கவிடாத கேள்வி.

எதை எண்ணுகிறார்கள்?

அணுகுண்டுக்கு முக்கியமாக இரண்டு பொருள்களில் ஒன்று வேண்டும். முதலாவது, உயர் செறிவு யுரேனியம். மண்ணிலிருந்து எடுக்கும் யுரேனியத்தில் எளிதாகப் பிளவுபடும் யுரேனியம்-235 வெறும் 0.7 சதவீதம்தான். மின்னுலைகளில் பெரும்பாலானவற்றுக்கு இதை 3 முதல் 5 சதவீதம்வரை உயர்த்தினால் போதும். 20 சதவீதத்தைத் தொட்டுவிட்டால் அது உயர் செறிவு. ஆயுதத்துக்குப் பொதுவாக 90 சதவீதம் அளவுக்குக் கொண்டுபோவார்கள். இரண்டாவது, புளூட்டோனியம். இது இயற்கையில் கிடைப்பதில்லை என்றே சொல்லலாம். உலைக்குள் யுரேனியம்-238 ஒரு நியூட்ரானை விழுங்கி, இரண்டு சிதைவுகளைக் கடந்து புளூட்டோனியம்-239 ஆகிறது. உலையிலிருந்து எடுத்த தண்டுகளை நைட்ரிக் அமிலத்தில் கரைத்து அதைப் பிரிக்க வேண்டும். இந்த வேலைக்கு மறுசெயலாக்கம் என்று பெயர்.

ஒரு குண்டு செய்யப் போதுமானதாக முகமை வைத்திருக்கும் அளவுகோல், புளூட்டோனியமானால் 8 கிலோ. உயர் செறிவு யுரேனியமானால் அதில் 25 கிலோ யுரேனியம்-235 இருக்க வேண்டும். செய்யும்போது வீணாகப்போவதும் இதில் அடக்கம். பிரித்தெடுத்த நிலையில் இருக்கும் பொருள் காணாமல் போனால் ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட வேண்டும் என்பது இலக்கு. உலையிலிருந்து எடுத்து இன்னும் கரைக்காத தண்டுகளுக்கு மூன்று மாதம் அவகாசம்.

8 கிலோ புளூட்டோனிய உலோகம் அரை லிட்டர் இடத்தைக்கூட அடைக்காது. உலகம் முழுவதும் பிரித்துவைத்திருக்கும் புளூட்டோனியமோ 550 டன்னுக்கு மேல். உயர் செறிவு யுரேனியம் 1,200 டன்னைத் தாண்டும். பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு 2006 முதல் இயங்கும் பன்னாட்டுப் பிளவுப்பொருள் குழு போன்ற அமைப்புகள் இந்த மதிப்பீடுகளை ஆண்டுதோறும் புதுப்பிக்கின்றன. மொத்தத்தில் ஏறத்தாழ எழுபதாயிரத்தில் ஒரு பங்கு தவறினால் ஒரு குண்டுக்கான புளூட்டோனியம் தவறிவிட்டது என்று பொருள்.

இதைச் செயற்கைக்கோளிலிருந்து பார்த்துவிட முடியாதா என்றால், கட்டடத்தையும் புகையையும் லாரிகளையும் பார்க்கலாம். உள்ளே இருக்கும் உலோகத்தைப் பார்க்க முடியாது. யுரேனியத்தின் கதிர்வீச்சு மிகவும் மெல்லியது. சிறிது ஈயத் தகடே அதைத் தடுத்துவிடும். தூரத்திலிருந்து துப்புக் கொடுப்பது ஒரு வாயு. எரிந்த தண்டுகளை வெட்டிக் கரைக்கும்போது கிரிப்டான்-85 வெளியேறுகிறது. எதனோடும் வினைபுரியாத இதன் அரை ஆயுள் பதினோர் ஆண்டுக்குச் சற்றுக் குறைவு. காற்றில் சேர்ந்திருந்த இந்த வாயுவை அளந்துதான் பனிப்போர்க் காலத்தில் சோவியத் ஒன்றியத்தின் புளூட்டோனிய உற்பத்தியை அமெரிக்கா மதிப்பிட்டது. யுரேனியம் செறிவூட்டும் ஆலையோ இப்படி எதையும் வெளியே விடாமல் ஒரு சாதாரண தொழிற்கூடம்போல் ஓட முடியும். கடைசியில் ஆலைக்குள் போய் எண்ணித்தான் ஆக வேண்டும்.

ஏடும் எடையும்

உள்ளே நடப்பது, பார்வைக்கு, ஒரு கிடங்குக் கணக்குதான். ஆரம்ப இருப்போடு வரவைக் கூட்டி, செலவைக் கழித்தால் ஏட்டின்படி இருக்க வேண்டியது கிடைக்கும். உற்பத்தியை நிறுத்தி உண்மையில் இருப்பதை அளப்பார்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கணக்கில் வராத பொருள். அது பூஜ்யமாக வருவது மிகவும் அபூர்வம்.

தங்க வேலை செய்யும் பட்டறையைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். உருக்கும்போது கொஞ்சம், ராவும்போது கொஞ்சம் என்று பொன் சிதறிக்கொண்டே இருக்கும்; தரைத் தூசியையும் கூட்டி எடுத்து வைப்பார்கள். அணு ஆலையில் பொருள் இன்னும் கூடுதலாக உருமாறுகிறது. ஒரு கட்டத்தில் அமிலக் கரைசல், அடுத்ததில் தூள், வேறிடத்தில் வாயு, கடைசியில் உலோகம். குழாய் வளைவுகளிலும் வடிகட்டிகளிலும் அது படிகிறது. ஜப்பானின் டோக்காய் நகரில், புளூட்டோனியத்திலிருந்து எரிபொருள் செய்யும் ஆலையொன்றில், தொழிலாளர்கள் கையுறை வழியே வேலைசெய்யும் அடைத்த பெட்டிகளுக்குள் 70 கிலோவளவு புளூட்டோனியம் ஒட்டிக்கொண்டிருப்பது 1994-ல் வெளியில் தெரிந்தது. பெட்டிகளைப் பிரித்துச் சுத்தம் செய்துதான் அதில் பெரும்பகுதியை மீட்டார்கள். 8 கிலோ ஒரு குண்டு என்றால் ஏறத்தாழ ஒன்பது குண்டுக்கான பொருள் அங்கே சுவரோடு சுவராக இருந்திருக்கிறது.

அதே ஊரின் மறுசெயலாக்க ஆலை 2003-ல் வேறொரு வித்தியாசத்தை அறிவித்தது. 1977 முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் அங்கே பிரித்தது சுமார் 7 டன். இருக்க வேண்டியதற்கும் அளந்ததற்கும் இடையே 206 கிலோ குறைந்தது. கழிவோடு போனது, உலைக் கணிப்பு கூடுதலாக இருந்தது, புளூட்டோனியத்தின் ஒரு வகை தானே சிதைந்தது என்று விளக்கம் தரப்பட்டது. யாரும் திருடியதாக யாரும் சொல்லவில்லை. இருந்தும், சுமார் 3 சதவீதப் பிழை இருபத்தைந்து குண்டுகளுக்குச் சமமாகிவிட்டது. ஆண்டுக்கு 8 டன் புளூட்டோனியம் பிரிக்கும் பெரிய ஆலையொன்றில் அளவைப் பிழையை 1 சதவீதத்துக்குக் கொண்டுவந்தாலும் 80 கிலோ தெளிவில்லாமல் நிற்கும். அளவைக் கருவி எவ்வளவு நேர்த்தியானாலும் ஆலை பெரிதாகப் பெரிதாகச் சந்தேகமும் கிலோவில் வளர்கிறது.

மிகப் பெரிய வித்தியாசம் அமெரிக்காவினுடையது. 1944 முதல் 1994 வரையிலான தன் புளூட்டோனியக் கணக்கை அந்நாடு 1996-ல் வெளியிட்டது. உற்பத்தியும் கொள்முதலுமாக வந்தது 111.4 டன். அப்போது கையில் இருந்தது 99.5 டன். சோதனை வெடிப்புகள், போர்க்காலக் குண்டு, கழிவு, சிதைவு எல்லாவற்றுக்கும் விளக்கம் தந்த பிறகும் 2.8 டன் வித்தியாசம் மிஞ்சியது. ஆரம்ப காலத்தில் அவசர அவசரமாக உற்பத்தி செய்தபோது அளவைக் கருவிகள் செம்மையாக இல்லாததும், குழாய்களில் படிந்ததும், கழிவில் போனதைக் குறைத்து மதிப்பிட்டதும் காரணமாகச் சொல்லப்பட்டன. விரும்பித் தன் ஏட்டைத் திறந்துகாட்டிய நாட்டின் நிலையே இது.

கணக்கு உதவிய சம்பவமும் உண்டு. இங்கிலாந்தின் செல்லாஃபீல்டில் தார்ப் என்ற மறுசெயலாக்க ஆலையில் 2005-ல் ஏட்டுக்கும் இருப்புக்கும் பொருந்தவில்லை. தேடிப்போனபோது, மனிதர் நுழைய முடியாத அறையொன்றில் உடைந்த குழாயிலிருந்து 83 கனமீட்டர் கரைசல் கொட்டிக் கிடந்தது. அதில் சுமார் 20 டன் யுரேனியமும் 160 கிலோ புளூட்டோனியமும் இருந்தன. மாதக்கணக்கில் ஒழுகிக்கொண்டிருந்ததை ஆலையில் இருந்தவர்கள் கவனிக்கவில்லை. கணக்கில் விழுந்த துண்டுதான் தேட வைத்தது.

எண்ணும் நாளுக்கும் அடுத்து எண்ணும் நாளுக்கும் இடையில் என்ன நடந்தது என்பதற்கு முத்திரைகளும் கேமராக்களும் சாட்சி. முகமை நெடுங்காலம் பயன்படுத்திவந்த உலோக முத்திரையின் உட்புறத்தில் கீறல்கள் இருக்கும். ஒன்றின் கீறல்போல் இன்னொன்றில் இராது. பூட்டும் முன் அதைப் படமெடுத்து வைத்து, கழற்றிக் கொண்டுவந்ததும் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். கீறல் மாறியிருந்தால் யாரோ கைவைத்திருக்கிறார்கள் என்று பொருள். இப்படித் தொடர்ந்து கண்ணில் வைத்திருந்தால், ஒருமுறை அளந்த பெட்டியை மறுபடி திறந்து அளக்க வேண்டியதில்லை. இடையில் ஒரு வாரம் கண்ணை எடுத்துவிட்டால் அதுவரை சேர்த்த நம்பிக்கை முழுவதையும் முதலிலிருந்து கட்ட வேண்டியிருக்கும்.

துணித்துண்டு சொன்ன கதை

இப்போது யோங்பியோனுக்குத் திரும்பலாம். அங்கே ஆய்வாளர்கள் கருவிகளின் மேற்பரப்பைத் துடைத்தார்கள். எவ்வளவு கழுவினாலும் கண்ணுக்குத் தெரியாத துகள்கள் மிஞ்சும். அத்துகள்களில் இருக்கும் ஐசோடோப்புகளின் விகிதத்தை நிறமாலைக் கருவிகளால் அளக்க முடியும்.

புளூட்டோனியத்தின் வகைகளில் ஒன்றான புளூட்டோனியம்-241, சுமார் 14 ஆண்டு அரை ஆயுளோடு அமெரிசியம்-241 ஆக மாறுகிறது. வேதிமுறையில் புளூட்டோனியத்தைப் பிரிக்கும்போது அதுவரை சேர்ந்த அமெரிசியம் கழிவோடு போய்விடும். அந்தக் கணத்தில் எண்ணிக்கை பூஜ்யத்திலிருந்து மறுபடி தொடங்குகிறது. ஆகவே ஒரு துகளில் எவ்வளவு அமெரிசியம் சேர்ந்திருக்கிறது என்று பார்த்தால், அது எந்த ஆண்டில் பிரிக்கப்பட்டது என்று சொல்லிவிடலாம். வடகொரியத் துகள்களில் மூன்று வெவ்வேறு வயது தெரிந்தது. அதோடு, காட்டப்பட்ட புளூட்டோனியமும் காட்டப்பட்ட கழிவும் ஒரே வேலையிலிருந்து வந்தவையானால் இரண்டிலும் ஐசோடோப்பு விகிதம் ஒன்றாக இருக்க வேண்டும். அதுவும் பொருந்தவில்லை. அப்படியானால் காட்டாத புளூட்டோனியம் எங்கோ இருக்கிறது, காட்டாத கழிவும் எங்கோ இருக்கிறது.

கழிவு இருக்கக்கூடிய இரண்டு இடங்களைப் பார்க்க முகமை அனுமதி கேட்டது. அவை ராணுவ இடங்கள் என்றது வடகொரியா. 1993 பிப்ரவரியில் முகமையின் ஆட்சிக்குழுவுக்கு அமெரிக்கச் செயற்கைக்கோள் படங்கள் காட்டப்பட்டன. தலைமை இயக்குநர் ஹான்ஸ் பிளிக்ஸ் சிறப்பு ஆய்வு கோரினார். மார்ச் 12 அன்று ஒப்பந்தத்திலிருந்தே விலகுவதாக வடகொரியா அறிவித்தது. பிறகு அந்த விலகலை நிறுத்திவைத்தது.

மறைத்தது எவ்வளவு என்று சொல்ல ஒரு வழி மிச்சமிருந்தது. உலையில் இருந்த சுமார் 8,000 தண்டுகளில் தேர்ந்தெடுத்த சிலவற்றை அவற்றின் இடம் குறித்து எடுத்து அளந்தால், அவை 1986-ல் உலை தொடங்கியபோது போட்டவையா, 1989-ல் உலை நின்றிருந்தபோது மாற்றப்பட்டவையா என்று தெரிந்துவிடும். 1994 மே மாதம் வடகொரியா தண்டுகளை வேகவேகமாக வெளியே எடுத்தது. எது எந்த இடத்தில் இருந்தது என்ற வரிசை கலைந்துபோயிற்று. ஒன்றிரண்டு குண்டுகளுக்குப் போதுமான புளூட்டோனியம் இருக்கலாம் என்று அமெரிக்க உளவுத்துறை கணித்ததை உறுதிப்படுத்தவோ மறுக்கவோ அதன்பின் இயலவில்லை. 2008-ல் அந்நாடு உலையின் பழைய பதிவேடுகளை, சுமார் 18,000 பக்கம், அமெரிக்காவிடம் கொடுத்தது. இரண்டு ஆண்டு கழித்து, அமெரிக்க விஞ்ஞானி சீக்ஃப்ரீட் ஹெக்கரை அழைத்துப்போய் இரண்டாயிரம் மையவிலக்கு இயந்திரங்கள் கொண்ட செறிவூட்டல் கூடத்தைக் காட்டியது. புளூட்டோனியத்தின் ஏட்டைப் புரட்டிக்கொண்டிருந்த காலத்தில் யுரேனியத்துக்கு வேறோர் ஏடு திறக்கப்பட்டிருந்தது.

துகள் பொய் சொல்வதில்லை. அதைப் படிப்பவர் தவறாகப் படிக்கலாம். 2003-ல் ஈரானில் உயர் செறிவு யுரேனியத் துகள்கள் கிடைத்தபோது, அங்கேயே செறிவூட்டியது என்ற சந்தேகம் எழுந்தது. பாகிஸ்தானிலிருந்து வந்த பழைய மையவிலக்கு பாகங்களை வாங்கிச் சோதித்த பிறகு, பெரும்பாலான துகள்கள் அவற்றோடு ஒட்டிவந்தவை என்ற முடிவுக்கு வந்தார்கள். பொருள் வந்த வழி தெரியாமல் துகளுக்கு முழு அர்த்தம் கிடைப்பதில்லை.

பின்னோக்கிய கணக்கு

வடகொரியாவுக்கு நேர்மாறாக நடந்தது தென்னாப்பிரிக்கா. 1991-ல் ஒப்பந்தத்தில் சேர்ந்த அந்நாடு, ஆறு அணுகுண்டுகளைச் செய்து பிறகு பிரித்துவிட்டதாக 1993 மார்ச் 24 அன்று அறிவித்தது. அறிவித்தவர் அதிபர் டி கிளெர்க். இனி முகமைக்கு வேலை, எல்லா உயர் செறிவு யுரேனியமும் கணக்கில் இருக்கிறதா என்று பார்ப்பது. செறிவூட்டல் ஆலை 1990-லேயே மூடப்பட்டிருந்தது.

இங்கே கணக்குக்கு அடிப்படை எளிது. ஆலைக்குள் போன இயற்கை யுரேனியத்தில் இருந்த யுரேனியம்-235 எவ்வளவோ, அது விளைபொருளிலும் வெளியே தள்ளிய மிச்சத்திலும் பங்கிடப்பட்டிருக்க வேண்டும். மிச்சத்தில் யுரேனியம்-235 எவ்வளவு என்பதைத் துல்லியமாக அளந்தால் விளைபொருளின் அளவைப் பின்னோக்கிக் கணிக்கலாம். முதல் கூட்டலில் பொருத்தம் வரவில்லை. ஆலை அடிக்கடி பழுதாகி நின்றது. 1979-ல் வேதிக் கோளாறு ஏற்பட்டு நீண்ட நாள் முடங்கியது. நல்லவேளையாக அன்றன்றைய பதிவேடுகள் அழிக்கப்படாமல் இருந்தன. ஆய்வாளர்கள் அவற்றைப் பக்கம் பக்கமாகப் பார்த்தார்கள். கேட்ட இடத்துக்கெல்லாம் அழைத்துச் செல்லப்பட்டார்கள். அறிவித்த அளவு நியாயமானதே என்ற முடிவு அப்படித்தான் கிடைத்தது. ஒத்துழைக்கும் நாட்டிடமே ‘நியாயமானது’ என்றுதான் சொல்ல முடிந்தது. ‘கிராம் பிசகாது’ என்று யாரும் கையெழுத்திடவில்லை.

பதிவேடு இல்லாத இடத்தில், அல்லது அதை நம்ப முடியாத இடத்தில் உலையே ஏடாகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஸ்டீவ் ஃபெட்டர் 1993-ல் இந்த முறைகளை அணுத் தொல்லியல் என்ற பெயரில் தொகுத்து எழுதினார். கிராஃபைட் கட்டைகள் அடுக்கிய உலைகளில், அக்கட்டைகளில் கலந்திருக்கும் போரான், டைட்டேனியம் போன்ற மாசுகள் நியூட்ரான் படப் பட ஐசோடோப்பு விகிதம் மாறிக்கொண்டே வருகின்றன. கட்டையிலிருந்து சிறு மாதிரிகளைத் துளைத்தெடுத்து அளந்தால், உலை தன் வாழ்நாளில் எவ்வளவு நியூட்ரான் கண்டது என்பதும், அதிலிருந்து எவ்வளவு புளூட்டோனியம் விளைந்திருக்கலாம் என்பதும் தெரியும். வேல்ஸ் நாட்டின் ட்ராஸ்வினித் மின்னுலையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். சில சதவீதப் பிழைக்குள் விடை கிடைத்தது. யோங்பியோன் உலையும் கிராஃபைட் உலைதான். ஒருநாள் கதவு திறந்தால் இந்த முறையை அங்கே பயன்படுத்தலாம்.

கண்ணை எடுத்தபின்

நம் காலத்தின் பெரிய சோதனை ஈரான். 2022 ஜூனில் அந்நாடு முகமையின் 27 கேமராக்களைக் கழற்றியது. ஆய்வாளர்கள் வந்துபோய்க்கொண்டிருந்தாலும் மையவிலக்குகள் எத்தனை செய்யப்பட்டன என்பதில் இடைவெளி விழுந்துவிட்டது. 2025 ஜூன் 13 அன்று இஸ்ரேலும், பத்தாம் நாள் அமெரிக்காவும் தாக்கின. தாக்குதல் தொடங்கிய நாளில் ஈரானிடம் 60 சதவீதம்வரை செறிவூட்டிய யுரேனியம் 440.9 கிலோ இருந்ததாக முகமை மதிப்பிட்டது. இன்னும் செறிவூட்டினால் பத்துக் குண்டுக்கான பொருள். அதன்பின் மாதக்கணக்கில் அதை ஆய்வாளர்கள் நேரில் பார்க்க முடியவில்லை. தசமப் புள்ளிவரை துல்லியமான அந்த எண் ஒரு குறிப்பிட்ட நாளுக்கு மட்டுமே உண்மை. பொருள் இடிபாட்டுக்குள் கிடக்கிறதா, முன்பே லாரியேறிவிட்டதா என்பதை எந்தக் கூட்டலும் கழித்தலும் சொல்லாது.

முகமை எல்லாரையும் எண்ணுவதுமில்லை. ஒப்பந்தம் அங்கீகரித்த ஐந்து அணு ஆயுத நாடுகளின் ஆயுதக் கையிருப்பு அதன் வரம்புக்கு வெளியே. இந்தியாவில் 2008-க்குப் பிறகு நிலையங்கள் இரு பிரிவாகின. தமிழ்நாட்டிலேயே கூடங்குளம் உலைகள் முகமையின் கண்காணிப்பில் இருக்கின்றன; கல்பாக்கத்தின் மின்னுலைகளும் வேக ஈனுலையும் அதற்கு வெளியே நிற்கின்றன. தங்கள் ராணுவப் புளூட்டோனியத்தின் உற்பத்தி வரலாற்றை விரிவாக வெளியிட்டவை அமெரிக்காவும் பிரிட்டனும் மட்டுமே. மற்ற நாடுகளின் எண்கள், இந்தியாவினுடையதும் சேர்த்து, வெளியாரின் மதிப்பீடுகள்தான்.

ஆயிரக்கணக்கில் குண்டு வைத்திருக்கும் நாட்டுக்கு 2.8 டன் வித்தியாசம் பெரிய விஷயமில்லை. இருப்பதே ஊரை அழிக்கப் போதும் என்பதால் கூடுதலாக ஒளித்துவைத்து ஆவது ஒன்றுமில்லை. ஆனால் குண்டுகளைக் குறைத்துக்கொண்டே வந்து நூறுக்கோ பத்துக்கோ இறங்கினால், அதே வித்தியாசம் முழுப் படையாகத் தெரியும். ஆயுதக் குறைப்பு எவ்வளவு தூரம் போகிறதோ, பழைய கணக்கின் பிழை அவ்வளவு கனக்கும். அந்தப் பிழையைச் சுருக்கக்கூடிய சான்றுகள் இப்போதே குறைந்துவருகின்றன. பழைய உலைகள் இடிக்கப்படுகின்றன, கிராஃபைட் புதைக்கப்படுகிறது, செறிவூட்டலின் மிச்சம் வேறு வேலைக்குப் போகிறது, ஏடு எழுதியவர்கள் வயதாகி மறைகிறார்கள். கையிருப்பை இன்று வெளியிட விரும்பாத நாடுகூட தன் பதிவேடுகளையும் உலை மாதிரிகளையும் அழிக்காமல் பூட்டிவைக்கலாம். அதற்கு எந்த ரகசியத்தையும் விட்டுக்கொடுக்க வேண்டியதில்லை. தென்னாப்பிரிக்காவின் ஏடுகள் பிழைத்திருந்ததால் சில ஆண்டுகளில் ஒரு முடிவுக்கு வர முடிந்தது. வடகொரியாவின் தண்டுகள் கலைந்ததால் அந்த 90 கிராமுக்கு மேல் எவ்வளவு என்ற கேள்வி இன்னும் திறந்தே கிடக்கிறது.